போட்ட டேக் எங்கே போய்ச் சேர்கிறது?

ஃபைல் மேனேஜர்களை ஒப்பிடும் அட்டவணைகளில் 'பிளகின்', 'மெட்டாடேட்டா' என்று இரண்டு கட்டங்கள் தவறாமல் இருக்கும். எதிரே உண்டு, இல்லை, ஓரளவு என்று ஏதாவது ஒரு சொல். ஃபைண்டர், டால்ஃபின், டைரக்டரி ஓபஸ், டோட்டல் கமாண்டர் எல்லாவற்றுக்கும் 'உண்டு' விழுந்துவிடும். ஆனால் ஃபைண்டரில் ஒட்டிய சிவப்பு டேக் விண்டோஸ் எக்ஸ்புளோரருக்குத் தெரியாது. டால்ஃபினில் கொடுத்த நாலு நட்சத்திரம் நாட்டிலஸ் திரையில் வராது. அந்த டேக் எந்த இடத்தில் எழுதப்படுகிறது, அந்த பிளகின் யாருடைய புரோசஸுக்குள் ஓடுகிறது என்ற இரண்டையும் அட்டவணை கேட்பதில்லை. பத்தாயிரம் படங்களுக்கு டேக் போட உட்காரும் ஒருவருக்கு மற்ற எல்லா வசதிகளையும்விட இவை முக்கியம். முப்பது ஆண்டுகளாக இந்த மென்பொருள்கள் செய்துகொண்ட தேர்வுகளை அந்தக் கேள்விகளோடு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரிகிறது.

ஒரு கோப்பைப் பற்றிய குறிப்பை வைக்கப் பொதுவாக நாலு இடங்கள் உண்டு: கோப்பின் பெயர், கோப்பின் உள்ளடக்கம், கோப்பு முறைமை கோப்போடு சேர்த்து வைக்கும் கூடுதல் பண்புகள், தனியான ஒரு தரவுத்தளம் அல்லது பக்கத்துக் கோப்பு.

பெயரில் வைப்பது பழைய வழி. எங்கே போனாலும் கூடவே வரும். தேதி, ஊர், ஆவண வகை எல்லாவற்றையும் அடிக்கோடு போட்டுக் கோத்து நீளப் பெயராக வைக்கும் பழக்கம் அலுவலகங்களில் இன்றும் உண்டு. தமிழில் பெயர் வைப்பவருக்கு மட்டும் சீக்கிரமே சுவர் இடிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட் எடுக்கும். 'கு' என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு ககரமும் உகரக் குறியுமாக இரண்டு, அதாவது 6 பைட். ஆக மொத்தம் 85 குறிகள். எழுத்தாக எண்ணினால் ஏறக்குறைய ஐம்பதில் நின்றுவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 என்ற அதே எண்ணை யூடிஎஃப்-16 அலகில் கணக்கிடுவதால் அங்கே மூன்று மடங்கு இடம். விண்டோஸில் சுகமாக இருந்த நீளத் தமிழ்ப் பெயர் லினக்ஸ் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுதான். பெயரையே அட்டவணையாக்கும் உத்தி ஆங்கிலத்துக்குச் சரிப்படும் அளவு நமக்குச் சரிப்படாது.

கோப்பின் உள்ளே எழுதுவதற்குப் படம், பாட்டு போன்றவற்றில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. கேமராப் படங்களுக்கு 1995 முதல் எக்ஸிஃப், எம்பி3 பாட்டுகளுக்கு 1996 முதல் ஐடி3, பொதுவான தேவைக்கு அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி. கடைசியாகச் சொன்னது 2012இல் ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஆனது. மின்னஞ்சலில் போனாலும் பென்டிரைவில் போனாலும் குறிப்பு உள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உரிந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் பிழைக்கும். ஆனால் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இப்படி எழுத இடமே இல்லை. டேக் போட்டதும் கோப்பின் பைட்டுகள் மாறுவதால், செக்சம் வைத்துச் சரிபார்க்கும் ஆவணக் காப்பகத்தாருக்கு இது தலைவலியும்கூட.

மூன்றாவது இடமான கூடுதல் பண்புகளில்தான் ஃபைல் மேனேஜர்களின் கதை சூடு பிடிக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாமல், அதன் பெயரும் தேதியும் இருக்கும் வரிசையிலேயே 'இன்ன பெயர், இன்ன மதிப்பு' என்று இன்னும் சிலவற்றைக் கோப்பு முறைமையே வைத்துக்கொள்ளும். இதை முழு மனதோடு செய்துகாட்டியது பிஓஎஸ் என்ற இயங்குதளம். டொமினிக் ஜியாம்பாலோவும் சிரில் மெரியோனும் 1990களின் நடுவில் எழுதிய பிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் பண்புகள் இருந்தன. அந்தப் பண்புகளுக்கு இண்டெக்ஸ் இருந்தது. இண்டெக்ஸின் மேல் கேள்வி கேட்கவும் முடிந்தது. அதன் ஃபைல் மேனேஜரான டிராக்கரில் ஒரு மின்னஞ்சல் என்பது ஒரு கோப்பு. அனுப்பியவர், பொருள், படித்தாயிற்றா இல்லையா எல்லாம் அதன் பண்புகள். இன்பாக்ஸுக்கென்று தனிச் செயலியின் பட்டியல் அவசியமில்லை. ஃபோல்டரைத் திறந்து 'அனுப்பியவர்' என்ற பத்தியைச் சொடுக்கினால் வரிசையாகிவிடும். முகவரிப் புத்தகமும் அப்படியே, ஓர் ஆளுக்கு ஒரு கோப்பு. ஒரு கேள்வியைச் சேமித்துத் திறந்து வைத்தால், புது அஞ்சல் வந்து விழும்போது அந்த ஜன்னலில் தானாக ஒரு வரி கூடும்.

இன்று பிஓஎஸ்ஸின் வாரிசான ஹைக்கு இயங்குதளம் அதே வழியைத் தொடர்கிறது. கோப்பு வகைகளுக்கான செட்டிங்கில் போய் 'நூல்' என்று ஒரு வகையை உண்டாக்கி, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று பண்புகளைச் சேர்த்துவிட்டால் டிராக்கரில் அவை பத்திகளாக வந்து நிற்கும். ஒரு வரி நிரல் எழுத வேண்டாம், பிளகின் வேண்டாம். மற்ற இடங்களில் பிளகின் எழுதிச் சாதிக்க வேண்டியதை இங்கே கோப்பு முறைமையே தந்துவிடுகிறது. குறையும் உண்டு. ஒரு பண்புக்கு இண்டெக்ஸ் உருவாக்குவதற்கு முன்பே எழுதப்பட்ட மதிப்புகள் அந்த இண்டெக்ஸில் ஏறாது. மறுபடி எழுதினால்தான் தேடலில் வரும். பிஎஃப்எஸ்ஸை விட்டு வெளியே அனுப்பினால், எதிர்முனையும் ஹைக்குவாக இல்லாதவரை, பண்புகள் உதிர்ந்துபோகும். இத்தனை அழகான ஏற்பாடு ஒரு தீவாக நின்றுவிட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஜியாம்பாலோ 2002இல் ஆப்பிளுக்குப் போனார். 2005இல் மேக் ஓஎஸ் எக்ஸ் டைகரோடு வந்த ஸ்பாட்லைட் தேடலில் அவர் கை உண்டு. மேக்குக்கு இந்தச் சிந்தனை புதிதும் அல்ல. 1984இன் முதல் மேக்கிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க் என்று இரண்டு கிளைகள். 1991இன் சிஸ்டம் 7இல் ஏழு வண்ண லேபிள்கள் வந்தன. மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது அவற்றைத் தூக்கிவிட்டு 2003இல் திரும்பக் கொடுத்தார்கள். 2013இன் மேவரிக்ஸில் அந்த லேபிள் டேக்காக வளர்ந்தது: எத்தனை வேண்டுமானாலும், எந்தப் பெயரில் வேண்டுமானாலும்.

அந்த டேக் உள்ளே எப்படி இருக்கிறது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. கூடுதல் பண்பு ஒன்றில், ஆப்பிளின் பைனரி பட்டியல் வடிவில், ஒவ்வொரு டேக்கும் அதன் பெயர், ஒரு வரி முறிவு, வண்ணத்துக்கான எண் என்று எழுதப்பட்டிருக்கும். மேக்கின் சொந்த டிஸ்க்கில் இது பத்திரம். எக்ஸ்ஃபேட் பென்டிரைவுக்குப் போகும்போது அங்கே கூடுதல் பண்புக்கு இடமில்லை. ஆகவே மேக், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்டு அதே பெயரில் இன்னொரு சின்னக் கோப்பை உண்டாக்கி டேக்கை அதில் வைக்கிறது. மேக்கில் வேலை பார்ப்பவர்கள் பென்டிரைவ் கொடுத்தால் அச்சகக்காரர் 'இதென்ன குப்பை' என்று அழிப்பாரே, அந்தக் கோப்புகள்தான் இவை. குப்பை என்று அவர் அழித்தது ஒருவர் உட்கார்ந்து போட்ட டேக்குகளாகவும் இருக்கலாம்.

பிளகின் விஷயத்தில் ஃபைண்டர் கஞ்சன். 2014இன் யோசமிட்டி வரை ஐகான் மேல் சின்னம் ஒட்ட வெளியாருக்கு முறையான வழியே இல்லை. ஒத்திசைவுச் செயலிகள் ஃபைண்டருக்குள் தம் நிரலைத் திருட்டுத்தனமாக நுழைத்துத்தான் பச்சை டிக் அடையாளத்தைக் காட்டின. யோசமிட்டி தந்த ஃபைண்டர் சிங்க் வழியில் அந்தச் சின்னமும் ரைட் கிளிக் மெனுவில் சில வரிகளும் போடலாம். புதுப் பத்தி சேர்க்க முடியாது. பதிலுக்கு ஒரு நன்மை: பிளகின் தனிப் புரோசஸில் ஓடுவதால், அது செத்தாலும் ஃபைண்டர் சாகாது.

விண்டோஸ் நேர் எதிர். 1995இல் எக்ஸ்புளோரரோடு வந்த ஷெல் எக்ஸ்டென்ஷன், அடுப்படிச் சாவியையும் சேர்த்துக் கொடுத்து ஆளைக் குடிவைத்தது போன்ற ஏற்பாடு. மெனு, பிராப்பர்ட்டீஸ் பக்கம், ஐகான், முன்னோட்டம் எல்லாவற்றிலும் வெளியார் கை வைக்கலாம். அவர்களுடைய டிஎல்எல் எக்ஸ்புளோரரின் புரோசஸுக்குள்ளேயே ஏறும். டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பும் அதே எக்ஸ்புளோரர்தான் என்பதால் ஒரு ஜிப் மென்பொருளின் தவறான எக்ஸ்டென்ஷன் டாஸ்க்பாரையே மறையச் செய்யும். அதோடு முடிவதில்லை. வேர்டில் 'ஓப்பன்' கொடுக்கும்போது வரும் ஜன்னலும் இதே எக்ஸ்டென்ஷன்களை வேர்டின் புரோசஸுக்குள் இழுத்து வரும். ரைட் கிளிக் செய்தால் பத்து விநாடி சுற்றும் கணினிக்கு நிர்சாஃப்டின் ஷெல்எக்ஸ்வியூவைத் திறந்து ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனாக அணைத்துப் பார்ப்பதுதான் பழுதுபார்ப்பவர்களின் நெடுநாள் வைத்தியம்.

ஐகான் மேல் சின்னம் ஒட்டும் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. விண்டோஸ் மொத்தம் 15 சின்னங்களுக்குத்தான் இடம் வைத்திருக்கிறது. அதிலும் சிலவற்றைத் தானே எடுத்துக்கொள்ளும். ரெஜிஸ்ட்ரியில் அகர வரிசைப்படி முன்னால் இருப்பவருக்கே இடம். கிளவுட் சேமிப்புச் செயலிகள் தங்கள் பெயருக்கு முன்னால் வெற்று இடைவெளி போட்டு வரிசையில் முந்தின. அடுத்தவர் இரண்டு இடைவெளி போட்டார், இன்னொருவர் மூன்று. ரெஜிஸ்ட்ரியைத் திறந்தால் இந்தப் போட்டியின் தடயத்தை இன்றும் பார்க்கலாம்.

வேடிக்கையாக இல்லாத பக்கமும் உண்டு. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நுழைந்த வழிகளில் ஒன்று ஷார்ட்கட் கோப்பின் ஐகான். பென்டிரைவைச் செருகி ஃபோல்டரைத் திறந்தாலே போதும். ஐகானைக் காட்டப்போன எக்ஸ்புளோரர் எதிரியின் டிஎல்எல்லை ஏற்றிவிட்டது. எதையும் சொடுக்கக்கூட வேண்டியதில்லை. ஒரு கோப்பைப் பற்றி 'சும்மா காட்டுவது' என்பது அந்தக் கோப்பைப் படிப்பது. படிப்பது என்றால் யாரோ எழுதிய நிரலை ஓட்டுவது. லினக்ஸ் பக்கமும் 2017இல் விண்டோஸ் நிறுவல் கோப்புகளுக்குச் சிறுபடம் காட்டும் ஒரு சின்னக் கருவியில் இதே வகை ஓட்டை அகப்பட்டது. அந்தக் காலத்தையொட்டி, சிறுபடம் செய்யும் நிரல்களைச் சாண்ட்பாக்ஸுக்குள் அடைக்கும் வேலையை க்னோம் டெஸ்க்டாப் குழு செய்துமுடித்தது. விண்டோஸ் 11 (2021) ரைட் கிளிக் மெனுவைச் சுருக்கி, பழைய எக்ஸ்டென்ஷன்களை 'மேலும் விருப்பங்கள்' என்ற இரண்டாவது கதவுக்குப் பின்னால் தள்ளியது. திட்டாதவர்கள் குறைவு. ஆனால் அந்த வீட்டில் கூட்டம் தாங்கவில்லை என்பதும் உண்மை.

மெட்டாடேட்டாவில் விண்டோஸின் பாதை இன்னும் கோணல். விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் எந்தக் கோப்புக்கும், ஒரு வெறும் டெக்ஸ்ட் கோப்புக்கும்கூட, தலைப்பு, குறிப்பு எழுத 'சம்மரி' பக்கம் இருந்தது. எழுதியது கோப்போடு ஒட்டிய மாற்று ஓடையில் போய் அமரும். ஃபேட் பென்டிரைவுக்கு நகலெடுத்தால் தொலையும். 2003இல் மைக்ரோசாஃப்ட் வின்எஃப்எஸ்ஸை அறிவித்தது: கோப்பு முறைமையின் மேல் ஒரு தரவுத்தளம், எல்லாவற்றையும் உறவுகளாகத் தேடலாம் என்றார்கள். 2006 ஜூனில் கைவிட்டார்கள். அதன்பின் வந்த விஸ்டா, குறிப்பு கோப்பின் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. மாற்று ஓடையில் எழுதும் வசதி போயிற்று. அதனால்தான் இன்று ஒரு ஜேபெக்கின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் டேக் எழுத முடிகிறது, டெக்ஸ்ட் கோப்பில் அந்த வரியே வருவதில்லை. கொள்கையாகப் பார்த்தால் விஸ்டா சரியான பக்கம் நின்றது என்பது என் கருத்து. உள்ளே இடமில்லாத கோப்புகளுக்கு மாற்று சொல்லாமல் விட்டதுதான் பிழை. எக்ஸ்புளோரரில் புதுப் பத்திகளைச் சேர்க்க எக்ஸ்பி வரை இருந்த இடைமுகத்தையும் அதே விஸ்டா நீக்கியது. பதிப்பு எண், கடைசியாகத் திருத்தியவர் என்று பத்தி காட்டிய டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் போன்றவை அதை இழந்தன.

லினக்ஸில் க்னோம், கேடிஇ என்ற இரண்டு பெரிய டெஸ்க்டாப் குடும்பங்களும் இரண்டு விதமாகத் தடுமாறின. க்னோமின் நாட்டிலஸை எழுதிய ஈசல் நிறுவனத்தில் முதல் மேக் குழுவின் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டும் இருந்தார். 2001 மார்ச்சில் முதல் பதிப்பு வந்தது. மே மாதம் நிறுவனம் மூடப்பட்டது. அந்த நாட்டிலஸில் கோப்பின் மேல் சின்னங்கள் ஒட்டலாம், குறிப்பு எழுதலாம். அவை கோப்போடு போகாமல், கோப்பு இருக்கும் பாதையைச் சாவியாகக் கொண்ட தனிப் பதிவில் போய்ச் சேர்ந்தன. டெர்மினலில் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் சின்னம் அநாதை. க்னோம் 3 காலத்தில் அந்த வசதிகளே மெல்ல உதிர்ந்தன. பிளகின்களும் நிம்மதியாக இல்லை. 2022இல் க்னோம் 43க்காக ஜிடிகே4க்கு மாறியபோது எக்ஸ்டென்ஷன் இடைமுகம் மாறியது. ஜன்னலுக்குள் தன் சொந்தப் பட்டையை வைக்கும் உரிமை பறிக்கப்பட்டது. பராமரிப்பாளர் இல்லாத பிளகின்கள் அங்கேயே நின்றன.

கேடிஇ பக்கம் ஆசை பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு நடந்த நெப்போமக் ஆய்வின் பலன் கேடிஇ 4க்குள் வந்தது. டேக், மதிப்பெண், குறிப்பு மட்டுமல்லாமல் 'இந்தப் படத்தில் இருப்பவர் இந்த மின்னஞ்சலை அனுப்பியவர்' என்பது போன்ற உறவுகளையும் ஆர்டிஎஃப் தரவுத்தளத்தில் வைக்கும் கனவு அது. நடைமுறையில் மெமரியையும் பிராசஸரையும் தின்றதால், நிறுவியதும் முதலில் அதை அணைப்பதுதான் பலரின் வழக்கமாயிற்று. 2014 ஏப்ரலில் பலூ வந்து கனவை வெட்டிச் சுருக்கியது. தேடலுக்கான இண்டெக்ஸ் தனி. பயனர் போடும் டேக், மதிப்பெண், குறிப்பு மூன்றும் கோப்பின் கூடுதல் பண்புகளில். இதை நான் மிக நல்ல முடிவாகக் கருதுகிறேன். இண்டெக்ஸ் கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். டேக் கோப்போடு இருக்கிறது. டால்ஃபினில் 'நிலப்பத்திரம்' என்று டேக் போட்டுவிட்டு டெர்மினலில் அந்தக் கோப்பின் பண்புகளைக் கேட்டால், யூசர்.எக்ஸ்டிஜி.டேக்ஸ் என்ற பெயருக்கு எதிரே அந்தச் சொல் அப்படியே வெறும் எழுத்தாக நிற்கும். ஆப்பிளின் பைனரிப் பட்டியல் போல அவிழ்க்க வேண்டியதில்லை.

டேக் கோப்போடு இருக்கிறது என்று சொன்னதற்கும் எல்லை உண்டு. 'சிபி' கட்டளை தானாகக் கூடுதல் பண்புகளை நகலெடுக்காது. 'ஏ' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். ஆர்சிங்குக்குப் பெரிய எழுத்து 'எக்ஸ்' கொடுக்க வேண்டும். பிணையத்தில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் பயனர் பண்புகள் போக வழி 2017இல்தான் தரநிலையானது. லினக்ஸ் கெர்னலில் 2020இல் வந்தது. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றிச் சேமிக்கும் சில எடிட்டர்கள் பழைய கோப்பை டேக்கோடு சேர்த்தே தூக்கி எறிந்துவிடும். வேண்டாதது ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இதன் மறுபக்கம். இறக்கிய கோப்பின் இணைய முகவரியைக் கூடுதல் பண்பில் எழுதிய டபிள்யூகெட், முகவரிக்குள் இருந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே எழுதியது. 2018இன் கடைசியில்தான் அது திருத்தப்பட்டது.

லினக்ஸின் மற்ற ஃபைல் மேனேஜர்களான தூனார், நீமோ இரண்டையும் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு கட்டளையை எழுதி அதை ரைட் கிளிக் மெனுவில் சேர்ப்பதுதான் அவற்றின் வலிமை. அன்றாடத் தேவையில் பெரும்பகுதிக்கு அதுவே போதும். பதிப்பு மாறினாலும் அது அவ்வளவாக உடையாது. பிளகின் என்று தேடுபவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்று சந்தேகிக்கிறேன்.

பிளகின் இடைமுகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டுவது டோட்டல் கமாண்டரை. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993இல் விண்டோஸ் கமாண்டராகத் தொடங்கி 2002இல் பெயர் மாற்றியது. நாலு வகை பிளகின்: சுருக்கிய கோப்புகளைத் திறப்பது, தொலை இடங்களை ஃபோல்டராகக் காட்டுவது, உள்ளடக்கத்தைப் படித்துக் காட்டுவது, தகவல் புலங்களைத் தருவது. கடைசி வகையில்தான் சூட்சுமம். பிளகின் 'கேமரா மாடல்', 'பாட்டின் நீளம்' என்று புலங்களை மட்டும் அறிவிக்கும். அவற்றை எங்கே காட்டுவது என்பது அதன் கவலை இல்லை. அதே புலம் பத்தியாக வரும், தேடலில் நிபந்தனையாக வரும், மொத்தமாகப் பெயர் மாற்றும் கருவியில் பெயரின் பகுதியாக வரும், குறிப்புப் பெட்டியிலும் வரும். ஒரு மதிப்பைக் கண்டுபிடிக்க நேரமாகும் என்றால் பிளகினே 'இது தாமதமாகும்' என்று சொல்லிவிடலாம், பின்னணியில் ஓடும். மிகவும் தாமதம் என்றால் கேள்விக்குறி மட்டும் நிற்கும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால்தான் கணக்கிடும். ஆயிரம் கோப்புள்ள ஃபோல்டரைத் திறக்கும்போது இந்தச் சின்ன மரியாதையின் அருமை தெரியும்.

யூனிகோட் வந்தபோது பழைய ஃபங்ஷன்களைத் தொடாமல் புதியவற்றைப் பக்கத்தில் சேர்த்தார்கள். இடைமுகம் எளிமையாகவும் நிலையாகவும் இருந்ததால் திறமூல டபுள் கமாண்டரும் அதே பிளகின்களை ஏற்றுக்கொண்டது. லுவா மொழியிலும் புலங்களை எழுத விட்டது. ஒரு ஃபைல் மேனேஜரின் பிளகின் போட்டியாளரிடமும் வேலை செய்வது அரிது. ஆனால் சொந்தக் குறிப்பு எழுத டோட்டல் கமாண்டர் தருவது 4டாஸ் காலத்து வழி: ஃபோல்டருக்கு ஒரு டிஸ்கிரிப்ட்.அயன் என்ற டெக்ஸ்ட் கோப்பு, அதில் பெயரும் குறிப்பும். நோட்பேடில் திறந்து படிக்கலாம் என்பதால் இதையும் நான் ஏளனம் செய்யமாட்டேன். எக்ஸ்ஒய்புளோரர் போன்றவை டேக்குகளைத் தம் சொந்தத் தரவுக் கோப்பில் வைக்கின்றன. தேடல் பறக்கும், வெளியிலிருந்து கோப்பை நகர்த்தினால் தொடர்பு அறுந்துபோகும்.

தமிழில் டேக் போடுபவர்களுக்கு ஒரு கண்ணி தனியாக இருக்கிறது. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களை எப்போதும் பிரித்தே சேமித்தது. லினக்ஸில் கொடுத்தது கொடுத்தபடி. கூடுதல் பண்பின் மதிப்பையோ எந்தக் கோப்பு முறைமையும் சீராக்குவதில்லை. ஒரு விசைப்பலகையில் அடித்த 'கோயில்' டேக்கும் மேக்கிலிருந்து வந்த கோப்புப் பெயரை வெட்டி ஒட்டிய 'கோயில்' டேக்கும் பக்கப்பட்டியில் இரண்டு டேக்குகளாக நிற்க வாய்ப்புண்டு. டேக் பட்டியலை ஒரே கையால், ஒரே விசைப்பலகையில் அடித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்தே தேர்ந்தெடுப்பது தப்பிக்கும் வழி.

பெரிய சேகரத்தில் கைவைக்கும் முன் ஒரு ஃபோல்டரில் ஒரு ஜேபெக், ஒரு பிடிஎஃப், ஒரு டெக்ஸ்ட் கோப்பு மூன்றுக்கும் டேக் போடுங்கள். ஜிப் செய்யுங்கள், எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் போடுங்கள், உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூன்றையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள். பிழைத்து வருவது பெரும்பாலும் கோப்பின் உள்ளே எழுதப்பட்டது மட்டுமாகத்தான் இருக்கும். படச் சேகரம் என்றால் டிஜிகாமையோ எக்ஸிஃப்டூலையோ வைத்து எக்ஸ்எம்பியில் எழுதிவிட்டு, ஃபைல் மேனேஜரை அதைப் படித்துக்காட்ட மட்டும் விடலாம். உள்ளே இடமில்லாத டெக்ஸ்ட் கோப்புகளுக்கும், செக்சம் மாறக் கூடாத ஆவணங்களுக்கும், ஃபோல்டருக்கு ஒரு குறிப்புக் கோப்பு வைத்துக்கொள்வதைவிட உறுதியான ஏற்பாட்டை எந்த ஃபைல் மேனேஜரும் இன்னும் தரவில்லை.